மொண்ணைக் கத்திக்காரி

கத்தியை எடுத்த கையோடு ஆர்லிஸ் ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொள்கிறார். முன்கையின் உட்புறத்தில், நரம்பு பச்சையாகத் தெரிகிற இடத்தில், கத்தியின் விளிம்பை வைத்து அழுத்தி ஒரே இழுப்பாக இழுக்கிறார். ஒன்றும் ஆகாது. தோலில் ஒரு கோடு கூட விழாது. "ம், இது கத்தி!" என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அதைத் தனியாக எடுத்து வைக்கிறார். அடுத்ததை இழுத்தால் லேசாகச் சுரண்டுகிறது. "இதுக்கு இன்னும் திமிர் அடங்கல" என்று அதை அந்தப் பக்கம் தள்ளுகிறார். காலைக் காப்பி ஆறுவதற்குள் இந்தப் பூசை முடிந்தாக வேண்டும். அது முடியாமல் அவர் எந்தத் தோலையும் தொடுவதில்லை.

எங்கள் ஊர் டாமரக் ஃபால்ஸில் எந்த விலங்கைப் பாடம் பண்ண வேண்டுமென்றாலும் ஆர்லிஸ் ப்ரெக்கேயிடம்தான் போக வேண்டும். மில் ரோட்டின் கோடியில், வீட்டுக்குப் பின்னால், டிராக்டர் நிறுத்துவதற்கென்று கட்டிய கொட்டகைதான் பட்டறை. அறுபதைத் தொடுகிற பெண்மணி, அகலமான தோள், தலையில் தூண்டில் கடைக்காரர் சும்மா கொடுத்த தொப்பி. ரேடியோவில் நாளெல்லாம் போல்கா ஓடும். பாட்டு வேகமெடுத்தால் கத்தியும் வேகமெடுக்கும். உள்ளே போனதும் உப்பும் ஈரத் தோலும் காப்பியும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு அது பழகிவிடும். வீட்டுக்குப் போனதும் உங்கள் பெண்டாட்டி கண்டுபிடித்துவிடுவார்.

பாடம் பண்ணிய மான் தலையைப் பார்க்கிறவர்கள் கண்ணாடிக் கண்ணைப் பார்த்து மயங்குவார்கள். "அப்படியே உயிரோட பாக்குது!" என்பார்கள். ஆர்லிஸுக்கு இந்தப் புகழ்ச்சி பிடிக்காது. "கண்ணு தபால்ல வருது. காசு கொடுத்தா உனக்கும் வரும்" என்பார். அவருக்கு வேலை என்றால் தோலின் உள்பக்கத்து வேலைதான். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிற ஊனையும் கொழுப்பையும் சவ்வையும் வழித்து எடுக்க வேண்டும். குறைவாக வழித்தால் உப்பு இறங்காது, முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். கூடுதலாக வழித்தால் முடியின் வேர் அறுந்து மான் வழுக்கையாகிவிடும். அதனால் எந்தத் தோலுக்கு எந்தக் கத்தி என்று தேர்ந்தெடுப்பதிலேயே அம்மணிக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

மான் கழுத்து தடிமன். அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நீளக் கத்தி, அதன் கூரான பக்கம். கரடிக்கும் கூர்தான், ஆனால் கனமான கத்தி. எடை இல்லாத கத்தி கரடிக் கொழுப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும். உதட்டுக்கும் கண்ணோரத்துக்கும் டாக்டர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு பொடிக் கத்தி. காதை உள்ளே பிரித்துத் திருப்புவதற்கு வாய் மழுங்கிய குறடு. வாத்தின் தோலுக்குக் கத்தியே கிடையாது, சுழலும் கம்பிச் சக்கரத்தில் பட்டும் படாமலும் காட்ட வேண்டும். அணிலுக்குத் தேக்கரண்டி. யாராவது சிரித்தால், "அணிலுக்குப் போய்க் கத்தி எடுக்கறதா? அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார்.

நரிக்கு மொண்ணைக் கத்தி, கீரி மாதிரி இருக்கிற மிங்குக்கும் அப்படித்தான். மொண்ணை என்றதும் தேய்ந்து துருப்பிடித்த கத்தி என்று நினைத்துவிடக் கூடாது. விளிம்பு பிசிறில்லாமல், நெளிவில்லாமல், வழவழவென்று உருண்டிருக்க வேண்டும். நரித் தோல் நனைந்த காகிதம் மாதிரி. கூர் பட்டால் ஓட்டை, பிசிறு பட்டால் கிழிசல். சாய்வுக் கட்டையில் தோலை மாட்டி, வயிற்றால் அண்டக் கொடுத்துக்கொண்டு, மொண்ணை விளிம்பால் கொழுப்பை முன்னால் உருட்டிக்கொண்டே போக வேண்டும். "வெட்டாதே, தள்ளு" என்று தன் கைக்குத் தானே சொல்லிக்கொள்வார் ஆர்லிஸ். பண்ணை வீடுகளில் பழைய சாமான் ஏலம் போட்டால் முதல் ஆளாகப் போய் நிற்பார். கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்கையில் இழுத்துப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் தானாக விலகி வழி விடுவார்கள்.

வாயும் மொண்ணை இல்லை. போன நவம்பரில், சீஸ் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் கர்ட், வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுக் கோட்டு மாட்டிக்கொண்டு மான் தலையோடு வந்து நின்றார். சுட்டு விழுந்த மானுக்கு ரத்தம் வடியட்டும் என்று கழுத்தை வேறு முன்பக்கமாக அறுத்து வைத்திருந்தார். அது சுவரில் மாட்டினால் நேராகக் கண்ணில் படுகிற இடம். ஆர்லிஸ் அறுப்பையும் பார்த்தார், கர்ட்டையும் பார்த்தார்.

"ஏன்டா கர்ட், அதான் செத்துப் போச்சே. எழுந்து போய்ப் போலீஸ்ல சொல்லிடும்னு பயந்துட்டியா?"

"எங்கப்பா அப்படித்தான் பண்ணுவாரு ஆர்லிஸ்."

"உங்கப்பா மானைத் தின்னாரு. சுவத்துல மாட்டல. போ, போய் உங்கம்மாகிட்ட எனக்குக் கொஞ்சம் மான் சாஸேஜ் கொடுத்தனுப்பச் சொல்லு. அதுதான் உனக்குத் தண்டனை."

திட்டினாரே தவிர, அந்த அறுப்பை உள்பக்கமாக அவர் தைத்த தையலை இன்றைக்கு கர்ட்டே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. சுவர்க் கொக்கிகளில் வரிசையாக மாட்டியிருக்கிற ஆயுதங்களை வேறு யாரும் தொடக் கூடாது. முன்பு கேரி என்று ஒரு புருஷன் இருந்தார். குளிர் தாங்கவில்லை என்று அரிசோனாவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அதைச் சொல்லி ஆர்லிஸ் ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. "அவன் போனா போறான். போறப்போ என் எலும்பு ரம்பத்தைத் தூக்கிட்டுப் போனான் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. அங்க அவனுக்கு எதுக்கு அது? கள்ளிச் செடி அறுக்கவா?" என்று இப்போதும் கொதிப்பார். அதிலிருந்து, பட்டறைக்குள் வருகிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் பேச வேண்டும். பாதிரியாருக்கும் இதே விதிதான்.

இப்படிப்பட்ட அம்மணி மேல் டெல்பர்ட் நோவாக்குக்குக் காதல் வந்ததுதான் இந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரின் பெரிய சேதி.

டெல்பர்ட் மர மில்லில் ரம்பங்களுக்குச் சாணை பிடித்தவர். மனைவி காலமாகிவிட்டார், வேலையிலிருந்தும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள், ஆனால் கை மட்டும் ஓயவில்லை. ஏரியில் பனிக்கட்டியைத் துளைக்கிற துரப்பணம், பிள்ளைகளின் ஸ்கேட், வீட்டு வீட்டுக்குக் கோடாரி, எதையும் விட்டு வைப்பதில்லை. கேட்டால்தான் என்றில்லை, கேட்காமலும் செய்து கொடுப்பார். சர்ச்சில் கேக் வெட்டுகிற கத்திக்குக் கூர் பிடித்தார். அடுத்த ஞாயிறு கேக்கோடு தட்டும் கீறிக்கொண்டது. பாதிரியார் கடிதம் பிரிக்கிற கத்திக்குப் பிடித்தார். பாதிரியார் கட்டைவிரலில் கட்டோடு பிரசங்கம் செய்தார். "நான் என்ன பண்ணட்டும், மொண்ணையா ஒண்ணைப் பாத்தா எனக்குப் பல்லு கூசுது" என்பார் டெல்பர்ட். நல்ல மனிதர். அப்படி ஒரு மனிதரின் மேல் யார்தான் கோபப்பட முடியும்?

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே 'பைன் நாட்'டில் கூடும். அந்தச் சாப்பாட்டுக் கடையை நடத்துகிற பெவ், ஆர்லிஸின் பள்ளிக்கூடத் தோழி. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, டெல்பர்ட் ஒரு கிளாஸ் பிராந்தியைத் தைரியத்துக்குக் குடித்துவிட்டு, தட்டோடு எழுந்து வந்து ஆர்லிஸின் எதிரில் உட்கார்ந்தார்.

"ஆர்லிஸ், தனியா சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப் போச்சு. என்னைக் கட்டிக்கிறியா?"

ஆர்லிஸின் முள்கரண்டியில் மீன் துண்டு பாதி வழியில் நின்றது. பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. காது கேட்காத ஹெர்பர்ட் கூட மெல்வதை நிறுத்திவிட்டார் என்று பெவ் சத்தியம் பண்ணுகிறார்.

"மான் சீசன் வருது டெல்பர்ட். முடியட்டும், சொல்றேன்."

சீசன் வந்தது, போனது. கிறிஸ்துமஸ் போனது. ஏரி உறைந்து அதன் மேல் வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. பதில் வரவில்லை. ஊரில் யாரைப் பார்த்தாலும் "என்ன ஆச்சு?" என்பதுதான் பேச்சு. டெல்பர்ட் பாவம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துபோய்க்கொண்டிருந்தார்.

ஆர்லிஸுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதில் ஒளிவு மறைவே இல்லை. வாசலில் டெல்பர்ட்டின் வண்டிச் சத்தம் கேட்டால் போல்காவைக் குறைத்துவிட்டுத் தொப்பியைச் சரி செய்துகொள்வார். பயமெல்லாம் பட்டறையைப் பற்றித்தான். "வீட்டுக்குள்ள வர்ற ஆளு பட்டறைக்குள்ளயும் வருவான் பெவ். வந்தா கை சும்மா இருக்காது. எனக்கு அந்த ஆளும் வேணும், என் கத்திகளும் வெச்ச இடத்துல இருக்கணும். ரெண்டும் நடக்குமாடி?" என்று ஒரு நாள் மனம் விட்டுக் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? என் புருஷனுக்குக் கத்தி எதுன்னும் தெரியாது, கரண்டி எதுன்னும் தெரியாது" என்றார் பெவ்.

இந்த நேரத்தில்தான் வால்டர் செத்துப் போனது.

வால்டர் ஒரு செந்நரி. பைன் நாட்டின் பின்பக்கப் படிக்கு அடியில் குடியிருந்தது. மீன் தோலும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றே கொழுத்தது. பல வருஷமாக ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதற்குப் பெயர் சொல்லிக் கையசைத்திருக்கிறார்கள். ஜனவரியில் ஒரு காலை, பால் வண்டியில் அடிபட்டுவிட்டது. ஓட்டுநர் இறங்கி வந்து அழுத அழுகையைப் பார்த்து பெவ் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. வனத்துறைக்காரர் வந்து அனுமதி கொடுத்ததும், மேசை விரிப்பில் சுற்றி ஆர்லிஸிடம் கொண்டுவந்தார் பெவ். கடை வாசல் பக்கத்தில், ஆட்கள் கோட்டு மாட்டுகிற இடத்தில், வால்டர் நிற்க வேண்டும். வருகிறவர்களைத் தலை தூக்கிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

தோலை உரிக்கும்போது ஆர்லிஸ் ஃபோன் பண்ணினார். "பெவ், ஒரு சேதி. உன் வால்டர் பொம்பளைடி."

"அதான் பாத்தேன். ஆம்பளைக்கு அவ்வளவு பொறுமை எங்கேருந்து வரும்!" என்றார் பெவ்.

தோல் உறைபெட்டிக்குப் போனது. மாதக் கடைசியில் ஆர்லிஸ் துலூத் நகரத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று, போகும்போதே வால்டரைக் குளிர்பெட்டிக்கு மாற்றி, மெல்ல உருகட்டும் என்று வைத்துவிட்டு, பட்டறையின் மாற்றுச் சாவியை பெவ்விடம் கொடுத்துவிட்டுப் போனார். உருகிய தோலைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது, முடி போய்விடும். வந்த அன்றைக்கே வழித்து உப்புப் போட்டாக வேண்டும்.

திரும்பி வந்த காலையில் பட்டறைக் கதவைத் திறந்தார். ரேடியோவைப் போட்டார், காப்பியை வைத்தார், பழக்கத்தில் கொக்கிப் பக்கம் கையை நீட்டி நரிக் கத்தியை எடுத்தார். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி, முன்கையில் வைத்து ஒரு இழுப்பு.

மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

ஆர்லிஸுக்கு வலி உறைக்கவே இல்லை, ஆச்சரியம்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் சுவரைப் பார்த்தார். கத்திகள் எல்லாம் கொக்கிகளில் எண்ணெய் பூசிக்கொண்டு மின்னின. நரிக் கத்தியின் இரண்டு பக்கமும் கூர். மிங்க் கத்தி கூர். காதுக் குறட்டின் வாய் கூர். அணில் தேக்கரண்டியின் விளிம்பு முழுக்கச் சாணை பிடித்து, அதன் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, பூ மாதிரி முடிச்சும் போட்டிருந்தது.

"உஃப்டா!" என்று ஆர்லிஸ் போட்ட சத்தம் மில் ரோட்டின் அந்தக் கோடி வரை கேட்டது. கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே ஃபோனை எடுத்தார்.

"பெவ்! என் பட்டறைச் சாவியை யாருக்குக் கொடுத்த?"

"எந்தச் சாவி?"

"பெவ்!"

"அய்யோ, கெஞ்சினாருடி. உனக்கு ஏதோ பரிசு கொடுக்கணும்னாரு. நான் பூ வைக்கப் போறாருன்னு நினைச்சேன்."

"பூ இல்லடி, புண்ணு! வால்டர் உருகிக் கிடக்கு. இன்னிக்கு வழிக்கலைன்னா உன் வாசல்ல மொட்டை நரிதான் நிக்கும். எங்கேருந்தாவது ஒரு மொண்ணைக் கத்தி கொண்டா. ஓடி வா!"

பெவ் கடையிலிருந்த வெண்ணெய்க் கத்திகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். ஆர்லிஸ் விரலால் தொட்டுப் பார்த்தார். அத்தனையும் கூர். டெல்பர்ட் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் மேசைக்கு அடியில் வைத்துத் தீட்டியிருக்கிறார். சர்ச்சிலிருந்து கேக் கத்தி வந்தது. அதன் கதைதான் தெரியுமே. சேதி பரவி, கர்ட் தன் வீட்டில் சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டைக் கொண்டுவந்தார். அதுவும் கூர். கடைசியில் ஹெர்பர்ட், பனி வாருகிற மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதன் விளிம்பு சூரிய வெளிச்சத்தில் பளிச்சென்று கண்ணைக் குத்தியது. டாமரக் ஃபால்ஸில் டெல்பர்ட் கை படாத இரும்பே மிச்சமில்லை.

ஆர்லிஸ் தானே மழுக்கிவிடலாம் என்று பார்த்தார். கல்லில் வைத்துத் தேய்தேயென்று தேய்த்துவிட்டு, பழைய அணில் தோல் ஒன்றில் தள்ளிப் பார்த்தார். கத்தி இடறியது, தோல் பரக்கென்று கிழிந்தது. கூர் போயிருந்தது, பிசிறு வந்திருந்தது. அந்த விளிம்பு எத்தனையோ குளிர்காலம் நரி நரியாக உருண்டு வந்த வழவழப்பு. ஒரு காலையில் அதை எப்படிக் கொண்டுவருவது? கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆத்திரத்தை விட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. இதற்குத்தானே இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தார்.

"ஒரே ஒரு ஆளால முடியும்" என்றார் பெவ் மெதுவாக.

"அந்த ஆளைக் கூப்பிடாதே."

"வால்டருக்காகடி."

ஆர்லிஸ் குளிர்பெட்டியைப் பார்த்தார். "சரி. ஆளைக் கூப்பிடாதே. அந்த ஆளோட அரத்தைக் கூப்பிடு."

அரம் தனியாக வருமா? டெல்பர்ட் பறந்து வந்தார். பெவ் ஃபோனில் 'ஆர்லிஸ் கூப்பிடறா, அரத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். மனிதர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார். இஸ்திரிச் சட்டை, கழுத்தில் டை, ஒரு கையில் அரம் சுற்றிய துணி, இன்னொரு கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம். முகமெல்லாம் சிரிப்பு.

"பிடிச்சிருந்துதா?"

ஆர்லிஸ் கையைத் தூக்கிப் பிளாஸ்திரியைக் காட்டினார்.

"அய்யய்யோ, என்ன ஆச்சு?"

"உன் பரிசு ஆச்சு."

"ஆர்லிஸ், எல்லாம் மொண்ணையா கிடந்துதே. இதை வெச்சுக்கிட்டு எவ்வளவு கஷ்டப்படறியோன்னு நான்..."

"யோவ், மொண்ணையா கிடக்கல. மொண்ணையா வெச்சிருந்தேன்! கூர் பட்டா நரித் தோலு ஓட்டையா போயிடும்யா. கரண்டிக்குமா சாணை பிடிப்பாங்க? அதுல கஞ்சி குடிச்சா உதடு ரெண்டா போயிடும்!"

டெல்பர்ட் ஆப்பிள் பலகாரத்தையும் அரத்தையும் கீழே வைத்தார். அவர் வாழ்நாளில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மொண்ணைக் கத்தி வேண்டும் என்று ஒருவர் ஆசையாகக் கேட்க முடியும் என்பதே அவருக்குப் புதிது. கிழிந்த அணில் தோலை, பிசிறு வந்த கத்தியை, ஆர்லிஸின் முகத்தை எல்லாம் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சட்டம் ஞாபகம் வந்து, இரண்டு கையையும் அவசரமாகக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எப்படி இருக்கணும்னு சொல்லு. நான் பண்ணித் தர்றேன்."

"உன்னால முடியுமா? பல்லு கூசுமே."

"கூசட்டும். கையை வெளிய எடுக்கலாமா?"

ஆர்லிஸ் யோசித்தார். "எடு" என்றார்.

கத்தியை இடுக்கியில் பூட்டினார் டெல்பர்ட். அரத்தை விளிம்பின் மேல் குறுக்காக வைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மன்னிச்சுக்கோ" என்று கத்தியிடம் சொன்னார். முதல் இழுப்புக்குத் தோள்பட்டை வரை கூசியது வெளியே தெரிந்தது. பெவ் சிரிப்பை அடக்க முடியாமல் மேசை விரிப்பால் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஆர்லிஸ் வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இது தட்டை. ரெண்டு ஓரமும் கடிக்கும். உருளணும்."

"எவ்வளவு உருளணும்?"

"உன் கண்ணாடிச் சட்டத்தோட ஓரம் இருக்கு பாரு, அந்த மாதிரி."

டெல்பர்ட் கண்ணாடியைக் கழற்றி ஓரத்தைத் தடவிப் பார்த்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி குனிந்தார். அரம் போனது, எண்ணெய்க் கல் வந்தது. கல் போனது, நனைத்த உப்புத்தாள் வந்தது. அவ்வப்போது கத்தியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்காது. மழுங்கிய விளிம்பில் வெள்ளைக் கோடாக நிற்கும். மில்லில் இருந்த காலமெல்லாம் அந்த வெள்ளைக் கோட்டைத் துரத்தித் துரத்தி அழித்தவர், இப்போது அது இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உடையாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். டையைக் கழற்றி ஆணியில் போடக் கூடத் தோன்றாமல் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டு வேலை செய்தார். கூச்சமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அட, இது கூர் பிடிக்கறதை விடக் கஷ்டமா இருக்கே!" என்றார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

ஆர்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, பக்கத்தில் கிடந்த மான் கழுத்துத் தோல் ஒன்றை எடுத்துப் போட்டு, டெல்பர்ட் தீட்டிய மான் கத்தியால் சும்மா ஒரு தள்ளு தள்ளினார். ஊன் ஒரே பட்டையாகச் சுருண்டு வந்து விழுந்தது. இன்னொரு தள்ளு தள்ளினார். வழக்கமாக மூச்சு வாங்குகிற வேலை. மூன்றாவதும் தள்ளிப் பார்த்தார்.

"மத்ததையும் மழுக்கிடவா?" என்று தலை தூக்காமல் கேட்டார் டெல்பர்ட்.

"கரண்டியையும் குறட்டையும் மிங்க் கத்தியையும் மழுக்கு. மான் கத்தியைத் தொடாதே. அது இருக்கட்டும்."

"நல்லா இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு நல்லா இருக்கு?"

"ரொம்ப ஆடாதே, வேலையைப் பாரு."

நரிக் கத்தி முடிந்ததும் ஆர்லிஸ் தன் கையை நீட்டவில்லை. "உன் சட்டையைச் சுருட்டு" என்றார். டெல்பர்ட் மறுபேச்சு இல்லாமல் சுருட்டினார். ஆர்லிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முன்கையில் விளிம்பை வைத்து அழுத்தி, மெல்ல இழுத்தார். டெல்பர்ட் மூச்சு விடவில்லை. ஒரு கோடு கூட விழவில்லை. கத்தியை எடுத்த பிறகும் ஆர்லிஸ் மணிக்கட்டை உடனே விடவில்லை என்பதை பெவ் இன்றைக்கு வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வால்டரைக் குறுகலான சாய்வுக் கட்டையில் மாட்டினார்கள். ஆர்லிஸ் கழுத்துப் பக்கமிருந்து தொடங்கினார். முதல் தள்ளலில் ஒரு கணம் தயங்கினார், அடுத்த தள்ளலில் தோள் தளர்ந்தது. கொழுப்பு வெண்ணெய் மாதிரி சுருண்டு முன்னால் ஓடியது. பைன் நாட்டில் தின்ற உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் அதில் இருந்தது. போல்கா வேகமெடுத்தது, கையும் வேகமெடுத்தது. வயிற்றுப் பக்கம் வந்தபோது, தோல் உள்ளதிலேயே மெலிசான இடம், டெல்பர்ட் தாங்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிந்ததும் ஆர்லிஸ் தோலைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். ஒன்று கூட இல்லை.

"வால்டர்!" என்று பெவ் கூவி, இருந்த இடத்திலேயே ஒரு சுற்று ஆடிவிட்டு ஆர்லிஸைக் கட்டிக்கொண்டார். அப்புறம் டெல்பர்ட்டையும் கட்டிக்கொண்டார். அப்புறம்தான் அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று ஞாபகம் வந்து, வெண்ணெய்க் கத்திகளை அள்ளிக்கொண்டு, ஹெர்பர்ட்டையும் இழுத்துக்கொண்டு மீன் பொரிக்க ஓடினார்.

ஆர்லிஸ் தோலை மேசையில் விரித்து உப்பு தேய்க்க ஆரம்பித்தார். டெல்பர்ட் கரண்டியையும் குறட்டையும் மிங்க் கத்தியையும் மழுக்கி முடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். சரியாகத்தான் வைத்திருக்கிறோமா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அக்டோபரில் கேட்டதை இன்னொரு முறை கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. இன்றைக்குப் பண்ணின காரியத்துக்குப் பிறகு கேட்க என்ன முகம் இருக்கிறது? அரத்தைத் துடைத்துத் துணியில் சுற்றினார். "அப்ப நான் கிளம்பறேன் ஆர்லிஸ். கைக்கு மருந்து போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

ஆர்லிஸ் உப்புக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு வேகமாக வந்து, அவர் கையிலிருந்த துணிச்சுருளை வாங்கிக்கொண்டார். பிரித்து அரத்தை எடுத்தார். பட்டறைச் சுவரில் கத்திகள் மாட்டுகிற வரிசைக்குப் போய், மான் கத்தியின் கொக்கியை ஒரு சாண் இந்தப் பக்கம் பிடுங்கி அடித்து, நரிக் கத்தியின் கொக்கியை ஒரு சாண் அந்தப் பக்கம் பிடுங்கி அடித்தார். நடுவில் கிடைத்த இடத்தில் புது ஆணி ஒன்றைச் சுத்தியலால் நாலு போடு போட்டு இறக்கி, டெல்பர்ட்டின் அரத்தை அதில் மாட்டினார்.